நனைக்காத அருவி

எங்கள் வீட்டு பீரோவில் அப்பா அம்மாவின் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று இருக்கிறது. கல்யாணமான புதிதில் தென்காசியில் ஒரு ஸ்டுடியோவில் எடுத்தது. அம்மா நாற்காலி நுனியில் உட்கார்ந்திருக்கிறாள். அப்பா ஒரு கையை நாற்காலியின் முதுகில் வைத்து விறைப்பாக நிற்கிறார். இரண்டு பேருக்கும் பின்னால் படுதாவில் ஓர் அருவி கொட்டுகிறது.

அந்த ஸ்டுடியோவிலிருந்து குற்றாலம் பேரருவிக்கு ஐந்தாறு கிலோமீட்டர்தான். நினைத்தால் டவுன் பஸ் ஏறிவிடலாம். "நெசம் அருவி பக்கத்துலயே கெடக்கு, அதை விட்டுட்டு எதுக்குப்பா படுதா முன்னால போய் நின்னீங்க?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அங்க போனா நனையணும்லா" என்றார் அப்பா. "நனைஞ்சுக்கிட்டே எப்பிடில படம் எடுக்க? காஞ்ச எடத்துல நின்னாத்தான் படம்."

அன்றைக்குச் சிரித்துவிட்டுப் போய்விட்டேன். நிலக்காட்சி ஓவியம் பற்றி நான் பிற்பாடு படித்த பல புத்தகங்களைவிட அந்த ஒரு வரி எனக்கு அதிகம் உதவியிருக்கிறது. இந்தக் கட்டுரையும் அதிலிருந்துதான் கிளம்புகிறது.

*

சென்னைக்கு வேலைக்குப் போன முதல் வருஷம், ஒரு விடுதியின் வரவேற்பறையில் யாருக்கோ காத்திருந்தபோது சுவரில் ஓர் அச்சுப்படம் பார்த்தேன். கரும்பாறைகளுக்கு நடுவே வெள்ளையாக இறங்கும் நீர். கீழே எறும்பு அளவுக்கு மனிதர்கள். பெயர்ப்பட்டையைப் படிப்பதற்கு முன்பே "இது நம்ம மலைல்லா" என்று தோன்றிவிட்டது. எழுந்து போய்ப் படித்தேன். திருநெல்வேலிச் சீமையில் பாபநாசம் அருவி, வரைந்தவர்கள் தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல்.

நான் பிறந்து வளர்ந்தது குற்றாலத்துப் பக்கம். பாபநாசம் அங்கிருந்து தெற்கே, கடையம் தாண்டிப் போனால் ஒன்றரை மணி நேரம். இன்றைக்கு மாவட்டம் கூட வேறு. 2019இல் தென்காசி தனி மாவட்டமானபோது பாபநாசம் திருநெல்வேலியோடு நின்றுவிட்டது. ஆனால் மலைக்கு மாவட்டம் தெரியாது. ஒரே மலைத்தொடர், ஒரே பருவமழை, ஒரே கருநீலப் பாறை. ஊரைவிட்டு வந்திருக்கும் ஒருவனுக்கு அது போதும். அரைமணி நேரம் அந்தப் படத்தின் முன்னால் நின்றேன். வரவேண்டியவர் வந்து தோளைத் தொட்டார்.

அதற்குப் பிறகு இரண்டு டேனியல்களையும் விடாமல் தேடிப் படித்தேன்.

*

தாமஸ் 1749இல் பிறந்தவர். விடுதி நடத்தியவரின் மகன். குதிரை வண்டிகளின் கதவுகளில் சின்னங்கள் வரையும் பட்டறையில்தான் தொழில் கற்றார். பிற்பாடு ராயல் அகாடமியில் சேர்ந்து படித்தார். லண்டனில் நிலக்காட்சி ஓவியர்கள் ஏற்கெனவே நிறையப் பேர் இருந்தார்கள், பிழைப்பு நடக்கவில்லை. 1785இல் சகோதரர் மகன் வில்லியத்தைக் கூட்டிக்கொண்டு கப்பல் ஏறினார். வில்லியத்துக்கு அப்போது வயது 16. சீனா வழியாக 1786இல் கல்கத்தா வந்து சேர்ந்தார்கள்.

அடுத்த ஏழெட்டு வருஷம் அவர்கள் செய்த வேலை அசாத்தியமானது. முதலில் கல்கத்தா நகரக் காட்சிகள் 12. பிறகு கங்கை வழியாக மேலேறி, கார்வால் இமயமலையில் உள்ள ஸ்ரீநகர் வரை போனார்கள். திரும்பி வந்து ஓவியங்களைக் குலுக்கல் சீட்டில் விற்று, அந்தப் பணத்தில் தெற்கே கிளம்பினார்கள். 1792இல் சென்னை. அங்கிருந்து ஓசூர், ராயக்கோட்டை என்று மைசூர்ப் போர் முடிந்த சூடு ஆறாத கோட்டைகளை வரைந்துகொண்டே வந்தார்கள். மதுரையில் புதுமண்டபத்தையும் திருமலை நாயக்கர் அரண்மனையையும் வரைந்தார்கள். திருநெல்வேலிச் சீமையில் களக்காட்டுப் பக்கமிருந்து குமரி முனை மலைகளையும், பாபநாசத்தையும் வரைந்தார்கள். தஞ்சைப் பெரிய கோயிலும் திருச்சி மலைக்கோட்டையும் இதே பயணத்தில் வந்தவை.

பயணம் பல்லக்கில். கூடவே தூக்குகிறவர்கள், சமையல்காரர்கள், கூடாரச் சாமான்கள். காட்சியைத் தாளில் அளவு பிசகாமல் இறக்க கேமரா அப்ஸ்குரா என்ற இருட்டுப்பெட்டி. கண்ணாடி வழியாக உள்ளே விழும் பிம்பத்தின் மேல் பென்சிலை ஓட்டலாம். வெளிச்சம் சரியாக விழ வேண்டும், பெட்டி ஆடக்கூடாது, முக்கியமாக நனையக்கூடாது. இதைப் படித்தபோது அப்பா சொன்னது காதில் கேட்டது.

1794இல் இங்கிலாந்து திரும்பினார்கள். 1795 முதல் 1808 வரை "ஓரியண்டல் சீனரி" என்ற பெயரில் 144 படங்கள் பகுதி பகுதியாக வந்தன. முழுத் தொகுதியின் விலை 210 பவுண்டு. சாதாரண ஆள் நினைத்துப் பார்க்க முடியாத விலை. பாபநாசம் படம் 1807இல் வந்த நிலக்காட்சித் தொகுதியில் இருக்கிறது.

*

படத்துக்கு வருகிறேன். அதை ஏன் நல்ல படம் என்கிறேன்?

அப்போது புழக்கத்தில் இருந்த செம்புத்தகடு அச்சில் பெரும்பாலானவை கோடுகளால் ஆனவை. பாறை, மரம், மேகம் எல்லாமே கோடுதான். டேனியல்கள் எடுத்துக்கொண்டது அக்வாடின்ட் என்ற முறை. தகட்டின் மேல் குங்கிலியப் பொடியைத் தூவிச் சூடாக்குவார்கள். பொடி மணல் மணலாக ஒட்டிக்கொள்ளும். அமிலத்தில் போட்டால் மணல்களுக்கு இடைப்பட்ட இடம் மட்டும் அரிக்கும். எவ்வளவு நேரம் அரிக்கிறதோ அவ்வளவு கருமை. அச்செடுத்தால் கோடே இல்லாமல் சாம்பல் நிறத்தின் பல படிகள் கிடைக்கும். அதன்மேல் கையால் நீர்வண்ணம் தீட்டுவார்கள்.

இந்த முறை எங்கள் மலைக்காகவே கண்டுபிடித்தது மாதிரி இருக்கும். சாரலுக்குக் கோடு கிடையாது. ஜூலை மாதம் குற்றாலத்துக்கு வந்தவர்களுக்குத் தெரியும், மலை எங்கே முடிகிறது, மேகம் எங்கே தொடங்குகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே முகத்தில் ஏதோ படும். மழை என்று சொல்ல முடியாது, பனியென்றும் சொல்ல முடியாது. அந்தப் பொடிப்பொடியான ஈரம் குங்கிலிய மணலில் கிடைத்துவிடுகிறது. நல்ல அச்சில் அருவியின் அடிவாரத்தைக் கண்ணருகே வைத்துப் பாருங்கள், தாளே வியர்த்திருப்பது மாதிரி இருக்கும்.

இன்னொன்று, பாறையைப் பாறையாக வரைந்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் கிழக்கே வந்த ஐரோப்பிய ஓவியர்கள் பலருக்குக் கண்ணில் இத்தாலி ஒட்டிக்கொண்டிருந்தது. எந்த மலையைப் பார்த்தாலும் ரோமாபுரிக்கு வெளியே உள்ள மலை ஆக்கிவிடுவார்கள். டேனியல்களிடமும் அந்தப் பழக்கம் உண்டு. பல படங்களில் ஓரத்து மரம் ஒன்று நாடகத் திரை மாதிரி காட்சியை ஒதுக்கிக் காட்டும். ஆனால் பாறையில் அவர்கள் ஏமாற்றவில்லை. தண்ணீர் பட்டுப் பட்டு வழுவழுத்து, யானை முதுகு மாதிரி உருண்டிருக்கும் பொதிகைப் பாறை அது. சும்மா சொல்லக்கூடாது, இதற்கு முன்னால் நம் ஆட்கள் யாரும் அந்தப் பாறையைத் தாளில் இப்படி இறக்கியதை நான் பார்த்ததில்லை.

*

அப்படியானால் ஏன் அந்தப் படத்தை இப்போது பார்க்கும்போது தொண்டையில் ஏதோ சிக்குகிறது?

வரைந்த வருஷத்தையும் அச்சான வருஷத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். 1792, 1807. முதல் வருஷத்தில்தான் ஆற்காட்டு நவாப் கம்பெனியோடு ஓர் ஒப்பந்தம் போட்டார். திருநெல்வேலிப் பாளையக்காரர்களிடம் கப்பம் வசூலிக்கும் உரிமை கம்பெனிக்குப் போனது. நவாப் கழுத்துவரை கடனில் இருந்தார், கடன் கொடுத்தவர்கள் பெரும்பாலும் கம்பெனி ஆட்கள். அந்த உரிமையின் பின்னாலேயே கலெக்டர் வந்தார், கப்பப் பாக்கி வந்தது, படை வந்தது. 1799 அக்டோபரில் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். 1801இல் இரண்டாவது பாளையக்காரர் போர் முடிந்தது, கோட்டைகள் இடிக்கப்பட்டன, கர்நாடகம் முழுவதும் கம்பெனியின் கைக்கு வந்தது. பென்சிலில் வரைந்தபோது ஒரு ஊர். செம்பில் அரித்து அச்செடுத்தபோது அதே ஊர் வேறொருவர் சொத்து. படத்தில் அந்தப் பதினைந்து வருஷம் ஒரு புள்ளியாகக்கூட இல்லை. தண்ணீர் அப்படியே விழுந்துகொண்டிருக்கிறது.

இதற்காக டேனியல்களை உளவாளிகள் என்று சொல்லிவிட்டுக் கிளம்புவது சுலபம். இணையத்தில் அப்படி எழுதினால் கைதட்டலும் கிடைக்கும். எனக்கு அது போதவில்லை. அவர்கள் படைக்குப் பின்னால் வந்த பிழைப்புக் கலைஞர்கள். விஷயம் அவர்களுடைய எண்ணத்தில் இருப்பதைவிட அவர்கள் நின்ற இடத்தில்தான் அதிகம் இருக்கிறது.

அந்த நின்ற இடத்துக்கு ஒரு தத்துவம் இருந்தது. 1757இல் எட்மண்ட் பர்க் எழுதிய அழகியல் நூலில், பிரம்மாண்டமும் ஆபத்தும் நம்மை நெருக்காமல் தள்ளி இருக்கும்போது ஒருவித இன்பம் தருகின்றன என்கிறார். அருவி, புயல், பாதாளம் எல்லாம் இதில் சேர்த்தி. டேனியல்களின் தலைமுறை ஓவியர்கள் மூச்சுவிட்ட காற்று அது. வேடிக்கை என்னவென்றால், 1785 பிப்ரவரியில் ஆற்காட்டு நவாப்பின் கடன்களைப் பற்றி, கம்பெனிக்காரர்கள் கர்நாடகத்தைக் கொள்ளையடித்ததைப் பற்றி நாடாளுமன்றத்தில் எரிமலையாகப் பேசியவரும் இதே பர்க்தான். அதே வருஷம்தான் டேனியல்கள் கப்பல் ஏறினார்கள். ஒரே மனிதர் அருவியைத் தள்ளி நின்று பார்க்கவும் சொல்லிக்கொடுத்தார், அந்தச் சீமையைக் கிட்டப் போய்ப் பார்க்கவும் சொன்னார். ஓவியர்கள் முதல் பாடத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

*

தள்ளி நிற்பது எவ்வளவு தூரம் போகும் என்று பார்க்க ஒரு பிரேசில் ஓவியரைச் சொல்கிறேன். பிரேசில்காரர் என்று முழுசாகச் சொல்ல முடியாது. ஃபிரான்ஸ் போஸ்ட், 1612இல் ஹாலந்தின் ஹார்லெமில் பிறந்தவர். வடகிழக்கு பிரேசில் டச்சுக்காரர்கள் கையில் இருந்தபோது ஆளுநர் யோஹான் மௌரிட்ஸோடு 1637இல் அங்கே போனார். அமெரிக்கக் கண்டங்களின் நிலத்தை நேரில் பார்த்து வரைந்த முதல் ஐரோப்பிய நிலக்காட்சி ஓவியர் என்று அவரைச் சொல்வார்கள்.

அங்கே இருந்தபோது வரைந்தவற்றில் மிஞ்சியவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. அவற்றில் ஒரு கலங்கிய அமைதி இருக்கிறது. பெரிய வானம், தட்டையான ஆறு, ஒரு கள்ளிச்செடி, கரையில் மேயும் ஒரு காபிபாரா. என்ன வரைவது என்று அவருக்கே தெரியாத தயக்கம் தெரிகிறது. அந்தத் தயக்கம்தான் உயிர். 1644இல் ஊர் திரும்பினார். 1680இல் சாகும்வரை பிரேசிலுக்குப் போகவே இல்லை, ஆனால் பிரேசிலைத்தான் வரைந்தார், நூற்றுக்கும் மேலாக. வருஷம் ஏற ஏறப் படத்தின் முன்பகுதி நிரம்பிக்கொண்டே போனது. அன்னாசி, எறும்புத்தின்னி, பாம்பு, அர்மடில்லோ எல்லாம் வரிசையாக. வாங்குகிறவர்கள் கேட்டது அது. கரும்பாலைகளில் அடிமைகள் வேலை செய்வதையும் வரைந்தார், ஒரு ஊர்த் திருவிழா மாதிரி.

டேனியல்களை அவரோடு வைத்துப் பார்த்தால் அவர்களின் நேர்மை புரிகிறது. அவர்களும் லண்டனில் உட்கார்ந்து பதினான்கு வருஷம் இந்தியாவைத் தகட்டில் அரித்தவர்கள்தான். ஆனால் பெரும்பாலும் இடத்தில் எடுத்த சித்திரத்தை விட்டு நகரவில்லை. பாபநாசத்தில் புலியைக் கொண்டுவந்து நிறுத்தவில்லை. எறும்பு மனிதர்களோடு நிறுத்திக்கொண்டார்கள். அந்த அடக்கம்தான் படத்தை இருநூறு வருஷம் தாண்டிக் கொண்டுவந்திருக்கிறது.

*

அந்த எறும்பு மனிதர்களின் பக்கம் நின்று பார்த்தால் மலை எப்படி இருந்திருக்கும்?

அதற்குப் பதில் தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவிலேயே இருக்கிறது. மேலகரத்துக்காரரான திரிகூடராசப்பக் கவிராயர், டேனியல்கள் வருவதற்குச் சில தலைமுறைகளுக்கு முன்பே, குற்றாலக் குறவஞ்சியில் இந்த மலையை எழுதிவிட்டார். அதில் மலையை விவரிப்பது கவிஞர் குரலில் இல்லை. வசந்தவல்லி கேட்க, குறத்தி சொல்கிறாள். அவள் சொல்வது "எங்கள்" மலை. அங்கே மலை யாருடையது என்பது முதல் வார்த்தையிலேயே முடிவாகிவிடுகிறது. குரங்கும் தேனும் சித்தர்களும் அருவியும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி விழுகின்றன. தூரம், கிட்டம் என்ற கணக்கே கிடையாது. டேனியல் படத்தில் நீங்கள் ஓர் இடத்தில் நிற்க வேண்டும். குறத்தியின் மலையில் நிற்கவே இடமில்லை, எல்லாப் பக்கமும் நனைகிறது.

ரசிகமணி டி.கே.சி. கடைசிக் காலத்தில் குற்றாலத்தில் வாழ்ந்து, 1954இல் இங்கேயே மறைந்தார். பாட்டை எட்ட நின்று அளக்காமல் அதற்குக் கீழே போய் நில் என்பதுதான் அவர் ரசனையின் சாரம் என்று எனக்குப் படும். அவரைக் குறை சொல்கிறவர்களும் இதையேதான் சொல்வார்கள்: நனைந்துகொண்டிருப்பவனுக்கு அருவியின் வடிவம் தெரியாது.

குற்றாலத்திலேயே மூன்றாவது வழி ஒன்றும் இருக்கிறது. நடராசருக்கு ஐந்து சபைகள் சொல்வார்கள். சிதம்பரம் பொன், மதுரை வெள்ளி, திருநெல்வேலி தாமிரம், திருவாலங்காடு இரத்தினம். குற்றாலம் சித்திரசபை. கோயிலிலிருந்து கொஞ்சம் தள்ளி, தெப்பக்குளத்தோடு, செப்புக் கூரை போட்ட மண்டபம். உள்ளே கூத்தன் சுவரில் ஓவியமாகவே இருக்கிறார். பூசை அந்தச் சித்திரத்துக்குத்தான். இங்கே படம் எதையும் பார்த்து வரைந்த நகல் இல்லை. படம்தான் சாமி. பர்க்கின் தூரத்துக்கும் குறத்தியின் ஈரத்துக்கும் இடையில், உள்ளே வந்து நில், ஆனால் பார் என்கிற மூன்றாவது ஏற்பாடு. சின்ன வயதில் சீசன் கூட்டத்துக்குத் தப்பிக்க ஆச்சி என்னை அங்கே கூட்டிப்போவாள். துண்டிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட நின்று சுவரைப் பார்ப்போம். நனைந்தபடியே படம் பார்த்த இடம் என் வாழ்க்கையில் அது ஒன்றுதான்.

*

இப்படியே முடித்தால் நம் மரபு ஜெயித்தது, வெள்ளைக்காரன் பார்வை தோற்றது என்று ஆகிவிடும். என்னால் அப்படி முடிக்க முடியவில்லை.

1925 ஜூனில், டேனியல்கள் வரைந்த அதே பாபநாசத்தில், வ.வே.சு. ஐயர் இறந்தார். அருவியில் தவறி விழுந்த மகள் சுபத்திரையைக் காப்பாற்றக் குதித்தவர் மேலே வரவில்லை. தமிழ்ச் சிறுகதையின் முன்னோடி, கம்பனைப் பற்றி ஆழமாக எழுதியவர். அந்தப் படத்தை இப்போது பார்க்கும்போது அந்த வெள்ளை நீருக்குள் அவரும் மகளும் இருக்கிறார்கள். பர்க் சொன்ன ஆபத்து எனக்கு எட்டத்தில் இல்லை.

அந்த அருவிக்கும் பழைய கோலம் இல்லை. 1880களில் ஹார்வி சகோதரர்கள் விக்கிரமசிங்கபுரத்தில் தாமிரபரணியின் விசையை நம்பி பஞ்சாலை வைத்தார்கள். 1940களில் மேலே அணையும் நீர்மின் நிலையமும் வந்தன. ஆற்றுத் தண்ணீர் குழாயில் இறங்கி மின்சாரமாகிறது. எங்கள் ஊர்களுக்கு வெளிச்சம் வந்தது அதனால்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் யார் கையும் படாத அருவி எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டுமானால், 210 பவுண்டுக்கு விற்ற அந்த அச்சிடம்தான் போக வேண்டியிருக்கிறது. எங்கள் மலையை எங்களிடமிருந்து தள்ளி வைத்துப் பார்த்தவர்கள்தான் அதை எங்களுக்காகச் சேர்த்தும் வைத்திருக்கிறார்கள். இதில் எதை விட, எதை எடுக்க?

2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் வந்தது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் ஓடினார்கள். ஒரு பள்ளி மாணவன் போய்விட்டான். அன்று மாலைக்குள் அந்த வெள்ளத்தின் வீடியோ எல்லோர் கைபேசிக்கும் வந்துவிட்டது. எட்ட நின்று எடுத்தது, நடுக்கமில்லாத கையில். நானும் இரண்டு முறை பார்த்தேன். இரண்டாவது முறை பார்த்ததற்கு என்னிடம் காரணம் கிடையாது. கூடவே பின்னணி இசை வேறு சேர்த்திருந்தார்கள். டேனியல் கண் இப்போது நம் எல்லோருக்கும் வந்துவிட்டது, அவர்களுடைய பொறுமை மட்டும் வரவில்லை.

பேரருவியில் ஆர்ச் என்று ஒன்று உண்டு. தண்ணீர் அந்த வளைவைத் தாண்டி விழுந்தால் போலீஸ்காரர்கள் விசிலடித்து எல்லோரையும் வெளியேற்றுவார்கள். அதற்குள் விழுந்தால் குளிக்கலாம். போன சீசனில் அப்பாவோடு போயிருந்தேன். தண்ணீர் ஆர்ச்சைத் தாண்டிக் கொட்டிக்கொண்டிருந்தது. கம்பித் தடுப்புக்கு வெளியே கூட்டம் கைபேசியைத் தூக்கிப் பிடித்திருந்தது. சாரல் அங்கேயும் வந்து முகத்தில் அறைந்தது.

நானும் கைபேசியை எடுத்தேன். அப்பா அதைப் பார்த்தார்.

"நனைஞ்சிரும்ல, உள்ள வையி" என்றார். வைத்தேன். அப்புறம் கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் சும்மா பார்த்துக்கொண்டு நின்றோம்.